ஓல்ட் ஸ்கூல் திரும்பப் பாத்தம்

போன சனி உப்புவெளில கூட்டாளி வீட்டு மொட்டை மாடில லாப்டொப்ப வச்சு 2003ல வந்த ஓல்ட் ஸ்கூல் எண்ட இங்கிலிஸ் பகிடிப் படத்தத் திரும்பப் பாத்தம், சிரிச்ச சிரிப்பில கொத்து ரொட்டி ஆறிப்போச்சு. வில் ஃபெரல் கழுத்தில மயக்க ஊசி ஏறி, கதை குழறி, அப்பிடியே நீச்சல் தடாகத்துக்க விழுற இடத்துக்கு மச்சான் கதிரையோட சரிஞ்சிட்டான். ஃபெரல் உடுப்பில்லாம றோட்டில ஓடேக்க அவற்ற மனிசி காரில வந்து நிக்கிறதும் அப்பிடித்தான்.

கம்பஸ் காலத்தில வின்ஸ் வான்ட வாய்க்குத்தான் சிரிச்சனான், இப்ப லூக் வில்சன்ட களைச்ச மூஞ்சிதான் பிடிபடுது (வயசு போட்டுது போல). பொம்பிளைப் பாத்திரங்கள் சும்மா பேருக்கு, கடைசி அரை மணித்தியாலம் இழுவை. இதை எடுத்த டொட் பிலிப்ஸ்தான் பிறகு ஜோக்கர் படமும் எடுத்தவர் எண்டா நம்பேலாது. பிள்ளையள் படுத்தாப் பிறகு போடுங்கோ.