குன்னூர் பெட்போர்டு செஸ் வகுப்பு: கறுப்புக் காய் என்றாலே முகம் வாடும் பிள்ளைகளுக்கு

என் மகளுக்குக் கறுப்புக் காய் வந்துவிட்டால் உட்காரும்போதே பாதி ஆட்டம் தோற்ற முகம். பெட்போர்டில் ஒரு மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் இந்த வகுப்பில் சேர்த்த பிறகு அது நன்றாகவே மாறியிருக்கிறது.

சார் இங்கே ஓப்பனிங்குகளை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, மனப்பாடம் பண்ண வைப்பதில்லை. ஒரே ஆட்டத்தை எடுத்தால் வகுப்பு முடியும்வரை அதுதான். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்த அன்று எடுத்தது, 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14வது, கடைசி ஆட்டம். குகேஷுக்குக் கறுப்பு, எதிரில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென். ஆளுக்கு ஆறரைப் புள்ளி, டிரா ஆனால் டைபிரேக், அதாவது முடிவு கட்ட வேக ஆட்டங்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதால் டிரா என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் விடாமல் நகர்த்திக்கொண்டே இருக்கிறார். 55வது நகர்த்தலில் டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்ததும் சார் போர்டை அப்படியே நிறுத்தி, "இப்போ கறுப்பு என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றுகொண்டார். பதிலே சொல்லவில்லை. கம்பளிக் குல்லா போட்ட ஒரு குட்டிப் பையன் எழுந்து போய் மூலைவிட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்தான். யானையை யானை வெட்டட்டும், ராஜா திருப்பி வெட்டட்டும், அப்புறம் கறுப்பு மந்திரி (பிஷப்) டி5-க்கு வந்தால் ஏ8 மூலையில் நிற்கும் வெள்ளை மந்திரிக்கு ஓட வழியில்லை, மாற்றிக்கொண்டே ஆக வேண்டும், மாற்றினால் மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்தான், அந்தக் கூடுதல் சிப்பாய் ஜெயித்துக் கொடுத்துவிடும். அவனாகவே கண்டுபிடித்தான்! 58வது நகர்த்தலோடு டிங் ஆட்டத்தை விட்டார், 18 வயதில் குகேஷ் சாம்பியன். அதே போட்டியின் முதல் ஆட்டத்தில் குகேஷை டிங் கறுப்பில்தான் ஜெயித்தார் என்பதையும் சார் சொல்லத் தவறவில்லை, எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

குறைகளும் உண்டு. செஸ் கடிகாரம் போதாது, பாதிப் பேர் நேரக் கணக்கே இல்லாமல் ஆடுகிறார்கள், டோர்னமென்டுக்காகக் கோயம்புத்தூர் இறங்கும்போது அது உதைக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களையும் ரேட்டிங் வாங்கியவர்களையும் ஒன்றாக உட்கார வைப்பதையும் மாற்றலாம். தரை ஜில்லென்று இருக்கும், சாக்ஸ் போட்டே அனுப்புங்கள். மழை பலமாக இருந்தால் வகுப்பு இல்லை என்று காலையிலேயே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறார்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்கலாம், அதற்குப் பணம் வாங்குவதில்லை.