"மறுமணக் குடும்பத்துக்கான முழுத் திட்டம்" என்று சொல்லி 1,80,000 வாங்கினார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், என்னைத் தெரியும்.

எனக்கும் கணவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். அவருக்கு முதல் மனைவி மூலம் இரண்டு பிள்ளைகள்: பெரியவனுக்கு 17, சின்னவளுக்கு 11. எனக்கு ஒரு பையன், 14. எங்களில் யாருக்கு என்ன ஆனாலும் மூன்று பேருடைய கல்லூரிப் படிப்பும் நிற்கக் கூடாது. நாங்கள் கேட்டது அவ்வளவுதான். இணையத்தில் உயில் தயாரித்துத் தரும் ஒரு நிறுவனம் எங்கள் இரண்டு உயில்கள், படிப்புக்கு ஒரு டிரஸ்ட் (பிள்ளைகளுக்கென்று பணத்தைத் தனியாக ஒதுக்கி, ஒருவர் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு), கணக்குகளில் நாமினி மாற்றம் எல்லாம் சேர்த்து 1,80,000 என்றது.

நான் தயங்கினேன். வீடியோ அழைப்பில் வந்த ஆலோசகர் மூன்று பிள்ளைகளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். பெரியவன் என்ன படிக்கப் போகிறான் என்று விசாரித்தார். அப்புறம் மெதுவாக, "மேடம், நானும் ஒரு சித்தியிடம் வளர்ந்தவன்தான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே பணத்தை அனுப்பினேன். (பிறகு தெரிந்தது, இதே ஆள் எனக்குத் தெரிந்த இன்னொருவரிடம், தான் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட அப்பா என்று சொல்லியிருக்கிறார்.)

போன வாரம் வக்கீலாக இருக்கும் தோழி ஒருத்தி என் உயிலைப் படித்துப் பார்த்தாள். அதில் மூன்று பெயர்களும் இல்லை. "என் பிள்ளைகளுக்குச் சமமாக" என்று மட்டும் இருந்தது. முறைப்படி தத்தெடுக்காத கணவரின் பிள்ளைகள், பெரும்பாலான சட்டங்களில், "என் பிள்ளைகள்" என்பதற்குள் வர மாட்டார்களாம். அதாவது நான் செத்திருந்தால் பிள்ளைகளுக்கென்று எழுதியது எல்லாம் என் பையனுக்கு மட்டும் போயிருக்கும். மாற்றாந்தாய் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று பேசியிருப்பார்கள், நான் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்?

டிரஸ்ட் பத்திரம் மட்டும் பளபளவென்று இருந்தது. ஆனால் அதன் பெயரில் ஒரு கணக்கு இல்லை, ஒரு காசு மாற்றப்படவில்லை. வெறும் காகிதம். என் ஓய்வூதியச் சேமிப்பில் நாமினி இன்னும் முன்னாள் கணவர்தான். என் உயிலுக்கு இன்றைய கணவரையே சாட்சியாகப் போடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். சொத்து பெறப்போகிறவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பல நாடுகளில் அவருக்கு எழுதியது செல்லாமலே போகலாம் என்று தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றே தொலைபேசியில் அழைத்தேன். "ஆலோசகர் விடுப்பில் இருக்கிறார்." மறுநாள், "நீங்கள் பதிவிட்ட விவரப்படிதான் ஆவணம் உருவாகியிருக்கிறது." பெயர்களை எழுதிக்கொண்டவர் அவர்தானே என்றால், அழைப்பின் பதிவு இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 7 நாள் கெடு முடிந்துவிட்டதாம். கடைசியாக ஒரு மின்னஞ்சல்: "இது சட்ட ஆலோசனை அல்ல." அப்படியானால் 1,80,000 எதற்கு வாங்கினீர்கள்? நான் கொடுத்த மூன்று புகார்களையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடியிருக்கிறார்கள்.

பெரியவனின் முதல் வருடக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. உயிலில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் இருக்கிறதா பாருங்கள். நாமினி படிவங்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், உயில் என்ன சொன்னாலும் சில கணக்குகளில் அந்தப் படிவத்தில் இருப்பவருக்குத்தான் பணம் போகும். டிரஸ்ட் என்றால் அதற்குள் பணம் போய்விட்டதா என்று கேளுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். சரி, நான்காவது புகார் எழுத வேண்டும், போகிறேன்.