வீடு திரும்பிய பிறகும் உடன்வரும் நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவு

அப்பா வெளிநோயாளியாகச் சென்றுவரும் நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவை நான் முதலில் பாராட்டுவது, மருந்தை எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல், அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று அவர்கள் கண்ணால் பார்த்ததற்காகத்தான். சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் மறுபடி மறுபடி மருத்துவமனையில் சேர்வதற்கு இன்ஹேலரைத் தவறாகப் பயன்படுத்துவதும் ஒரு காரணம். அமுக்கி இழுக்கும் இன்ஹேலரில் மூச்சை மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்து, முடிந்தால் 10 விநாடிகள் வரை அடக்க வேண்டும். பொடி மருந்துள்ள கருவியிலோ வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர் ஒன்றின் முறையை மற்றொன்றில் கையாண்டால், மருந்தின் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். அப்பாவைச் செய்துகாட்டச் சொன்ன செவிலியர், அமுக்குவதும் இழுப்பதும் ஒருசேர அமையவில்லை என்பதைக் கண்டு இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்திக் கொடுத்தார். அடுத்தடுத்த வருகைகளிலும் பொறுமையாகச் சரிபார்த்தார்.

உடற்பயிற்சி வகுப்புகளும் அக்கறையோடு நடக்கின்றன. இரைக்குமே என்ற பயத்தில் நோயாளி நடையைக் குறைக்க, கால் தசைகள் தளர்ந்து, பிறகு சிறிது நடந்தாலே இரைக்கத் தொடங்குகிறது. பலர் மருத்துவமனைக்குத் திரும்பும் வழி இதுதான். டிஸ்சார்ஜ் ஆன 4 வாரங்களுக்குள் பயிற்சியைத் தொடங்குவது நல்லது என்பதால், அப்பாவுக்குக் காத்திருப்பின்றி இடம் ஒதுக்கினார்கள். புகைப்பழக்கத்தையும் தடுப்பூசிகளையும் பற்றிக் கேட்கத் தவறவில்லை.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. சளி கூடினாலோ அதன் நிறம் மாறினாலோ, வழக்கத்தை மீறி இரைத்தாலோ உடனே அழைக்குமாறு எழுதித் தந்திருக்கிறார்கள்; ஆனால் இரவிலும் விடுமுறை நாட்களிலும் அந்த எண்ணில் யாரும் பேசுவதில்லை. பயந்துபோன குடும்பம் அந்நேரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் ஓடும். மேலும், மீண்டும் சேர்பவர்கள் அனைவரும் நுரையீரலுக்காகவே சேர்வதில்லை. இதயச் செயலிழப்பும் மனப்பதற்றமும் அதே மூச்சுத்திணறலாக வெளிப்படக்கூடும். அப்பாவின் கால் வீக்கத்தை நாங்களாகச் சுட்டிக்காட்டிய பிறகே இதயப் பரிசோதனைக்குப் பரிந்துரைத்தார்கள். இவ்வளவு கவனமாக இயங்கும் பிரிவு அதைத் தானாகவே கேட்டிருக்க வேண்டும்.

இருந்தும், இந்நோயோடு வாழ்பவர்களுக்கு இப்பிரிவை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். முதல் நாள் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா இன்ஹேலர்களையும், மற்ற நோய்களுக்கான மருந்துச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.