டாரஸா, பன்னிரண்டு வீலா, 3518-ஆ?

சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர்களிடம் ஒரே வண்டிக்கு மூன்று பெயர் புழங்குகிறது. எங்கள் லோடு நோட்டில் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு மாடல் நம்பருக்கு மாறிவிட்டோம்.

டாரஸ் என்பது அசோக் லேலண்ட் தன் வண்டிக்கு வைத்த பெயர். தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனியின் பெரிய லாரிக்கும் அது ஒட்டிக்கொண்டது. விபத்துச் செய்திக்குப் போதும், வாடகை பேசப் போதாது.

வீல் கணக்கு நல்ல கணக்குதான். முன்னால் இரண்டு டயர், பின்னால் எட்டு என்றால் பத்து வீல். முன்னால் இன்னொரு ஸ்டியரிங் ஆக்சில் (ஸ்டியரிங்கோடு திரும்பும் அச்சு, இரண்டு டயர்) கூடினால் பன்னிரண்டு. அதற்குமேல், காலியாக ஓடும்போது தூக்கி வைத்துக்கொள்ளும் லிஃப்ட் ஆக்சிலில் இரண்டு டயர் சேர்ந்தால் பதினாலு, நாலு சேர்ந்தால் பதினாறு. ஸ்டெப்னி சேராது. ரோட்டோரம் நின்று பார்த்தாலே சொல்லிவிடலாம். டோலுக்கும் ஆக்சில் எண்ணிக்கைதான் வேண்டும்.

ஆனால் எவ்வளவு ஏற்றலாம் என்பதை வீல் சொல்லாது. மாடல் நம்பர் சொல்லும். முதல் இரண்டு இலக்கம் லோடோடு சேர்ந்த மொத்த எடை, ஏறக்குறைய டன்னில். கடைசி இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். 3118 என்றால் 31 டன், 180 குதிரைத்திறன். 2018-இல் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்திய பிறகு 2518 இருந்த இடத்தில் 2818 வந்தது, 3118 இடத்தில் 3518. பழசும் புதுசும் இன்றைக்கும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. 3118, 3518 இரண்டுமே பன்னிரண்டு வீல், ஆனால் வித்தியாசம் 4 டன். சங்ககிரியில் சிமென்ட் ஏற்றினால் 80 மூட்டை!

"பன்னிரண்டு வீல் ஒன்னு அனுப்புங்கண்ணா" என்று பார்ட்டி கேட்டு, மனதில் 3518 கணக்கை வைத்து லோடு போட்டு, வந்து நின்றது 31 டன் என்று ஆர்சி (பதிவுச் சான்று) உள்ள வண்டியாக இருந்தால்? 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. நாலு டன்னுக்கு 28,000. அந்த ட்ரிப்பில் ஓனருக்கு என்ன மிஞ்சும்? அதிகச் சுமையை இறக்கி வைத்துவிட்டுத்தான் நகரவும் முடியும். வடக்கேயிருந்து ரிட்டர்ன் லோடோடு தொப்பூர் இறக்கத்தில் வருகிற டிரைவருக்கு அபராதத்தைவிட பிரேக்தான் பெரிய கவலை.

மாடல் நம்பரும் முழு விடை இல்லை. காலி எடை பாடிக்குப் பாடி மாறும், அதனால் ஆர்சி புக்கையும் பார்த்துவிடுகிறோம். டிப்பர் லோடு எங்களுக்குக் குறைவு. எம்-சாண்டும் ஜல்லியும் எடையில் இல்லாமல் யூனிட் (கன அடி) கணக்கில் ஓடுகிற அந்தத் தொழிலில் இது எவ்வளவு உதவும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ட்ரெய்லரில் கவனம் வேண்டும்: 5530 என்றால் 55 டன் என்பது இழுக்கும் வண்டி, ட்ரெய்லர், சரக்கு மூன்றும் சேர்ந்தது. ஸ்டீல் காயிலுக்கு வண்டி கேட்கிற புதுப் பார்ட்டிகளிடம் இதை முதலிலேயே விளக்கிவிட்டுத்தான் வாடகை பேசுகிறோம்.