இஞ்சி பியர்: தோல் ஊறலா, பாண் ஈஸ்டா?

வீட்டில் பியர் காய்ச்சிப் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் உற்பத்தி செய்வது இலங்கையில் குற்றமாகும் என்பதால், நொதித்தலின் நுட்பங்களை இஞ்சி பியரிலேயே கற்க வேண்டியதாயிற்று. அதற்குப் பொங்கும் வாயுவைக் கொடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இஞ்சித் தோலில் இயல்பாக வாழும் மதுவங்களை, அதாவது ஈஸ்ட்களை, சீனியூட்டி வளர்க்கும் ஊறல். மற்றது, பாண் சுடுவதற்காகப் பக்கற்றில் விற்கப்படும் ஈஸ்ட்.

ஊறலுக்கு ஒரு கோப்பை தண்ணீரில் தோல் சீவாது துருவிய இஞ்சியும் சீனியும் ஒவ்வொரு மேசைக்கரண்டி இட்டு, நாள்தோறும் அதே அளவு சேர்த்துக் கலக்க வேண்டும். குளிர்நாட்டுக் குறிப்புகள் ஐந்து முதல் ஏழு நாள் பொறுக்கச் சொல்கின்றன. சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியசில் நிற்கும் கொழும்பில், என் வெள்ளவத்தைச் சமையலறையில், மூன்றாம் நாளே அது நுரைத்துவிடுகிறது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் அதிலுள்ள குளோரீன் நாம் வளர்க்க நினைக்கும் உயிர்களையே அடக்கிவிடக்கூடும். புறக்கோட்டையில் வாங்கிய, மண் ஒட்டிய சிறிய உள்ளூர் இஞ்சி ஒருபோதும் என்னைக் கைவிட்டதில்லை. கழுவிப் பளபளப்பாக்கிய பெரிய இறக்குமதி இஞ்சியோ இருமுறை அசையாமலே கிடந்து பூஞ்சணம் பிடித்தது.

பாண் ஈஸ்டில் இந்தக் காத்திருப்பு இல்லை. நான்கு லீற்றர் இஞ்சிச் சாற்றுக்குக் கால் தேக்கரண்டி போதும். மறுநாளே வாயு ஏறிவிடும். ஆனால் அது பாணுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட மதுவம். போத்தலின் அடியில் இறுகப் படியாமல் ஊற்றும்போது கலங்கி எழுவதோடு, தேசிக்காய்ப் புளி எவ்வளவு விட்டாலும் மறையாத ஒரு மா வாசனையையும் விட்டுச் செல்கிறது. ஊறலில் மதுவத்துடன் இலத்திக்கமில பற்றீரியாக்களும் வாழ்வதால், புளிப்பு பானத்துக்குள்ளேயே விளைகிறது. சுவையை மட்டும் நிறுத்துப் பார்த்தால் எனக்கு இதில் இரண்டாம் எண்ணமே இல்லை.

ஆங்கிலேயர் இஞ்சி பியரை நொதிக்கவைக்கப் பயன்படுத்திய இஞ்சி பியர்க் கட்டியை 1892இல் ஆராய்ந்த தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்டும் அதில் மதுவமும் பற்றீரியாவும் சேர்ந்து வாழ்வதையே கண்டார். அதற்குப் பத்தாண்டு முன்னர் இலங்கையின் கோப்பிச் செடிகளை அழித்த துரு நோயை ஆராய இங்கு வந்திருந்தவரும் அவரே என்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

வாயுவின் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 15 கிராம் சீனி நொதித்தாலே 7 கிராமளவு காபனீரொட்சைட்டு உண்டாகி, கடைச் சோடாவின் அழுத்தம் வந்துவிடும். கூடவே ஒரு வீதமளவில் மதுசாரமும் சேரும் என்பதால் இது சிறுவர்க்குக் கொடுக்கும் பானமன்று. போத்தலில் 100 கிராம் சீனி இருக்க, நொதித்தலை அதன் போக்கில் விட்டால், மதுசாரம் பியரின் அளவையே எட்டும். அதற்கு முன்னரே கண்ணாடி வெடிக்கும். அலமாரிக்குள் இரண்டு நாள் மறந்துபோன பாண் ஈஸ்ட்ப் போத்தலொன்று வெடித்ததில், அரிசிச் சாக்கிலிருந்து கண்ணாடித் துண்டு பொறுக்கியது நான்தான். அன்றிலிருந்து பிளாஸ்டிக் போத்தல் மட்டுமே. அழுத்திப் பார்த்து, கல்லைப்போல் இறுகியதும் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன்.

ஊறலும் இப்போது அதே பெட்டியில், கிழமைக்கொரு கரண்டி சீனி பெற்று உறங்குகிறது. நாளைக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று இன்று தெரியவரும் நாட்களுக்கு மட்டும் பாண் ஈஸ்டை வைத்திருக்கிறேன். அன்று தேசிக்காய் ஒன்றுக்கு இரண்டாகப் பிழிகிறேன்.