6 கிலோவாட் ஸ்டீம் ஜெனரேட்டர் கிட்: ஆவி அருமை, வயரிங் உங்கள் பாடு

குளியலறையிலேயே ஆவிக் குளியல் அமைக்க விற்கப்படும் 6 கிலோவாட், 230 வோல்ட், சிங்கிள் ஃபேஸ் கிட் இது. பெட்டிக்குள் ஜெனரேட்டர், சுவரில் பதிக்கும் டச் பேனல், அதற்கான லோ வோல்டேஜ் கேபிள், ஸ்டீம் ஹெட் (ஆவி வெளிவரும் முனை), சேஃப்டி வால்வு, ஆட்டோ டிரெய்ன் வால்வு (உள்ளே மிஞ்சும் தண்ணீரைத் தானாக வடிப்பது) எல்லாம் இருக்கின்றன. எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் அணைக்கும் பிரேக்கர்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணைக்கும் பிரேக்கர்), ஐசோலேட்டர் (கையால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) மூன்றும் கிடையாது. ஒன்றரை மீட்டர் பவர் கார்டு ஒன்று வருகிறது. அதில் 4 ஸ்கொயர் எம்எம் (உள்ளே உள்ள கம்பியின் குறுக்குவெட்டு அளவு) என்று அச்சிட்டிருக்கிறது. ஆவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கலெல்லாம் கரண்டில்தான்.

6000 வாட்டை 230-ஆல் வகுத்தால் 26 ஆம்பியர். சாதாரண 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் இழுப்பது 9 ஆம்பியர்தான். அதனால் ஹீட்டர் பாயிண்டிலிருந்தே லைன் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். 16 ஆம்பியர் பிளக் டாப்பில் சொருகினால் அது சூடாகி பிளாஸ்டிக் இளகும் வாடை வரும். மெயின் போர்டிலிருந்து இதற்கென்றே தனி லைன் வேண்டும்: 32 ஆம்பியர் டபுள் போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும்) எம்சிபி, அதோடு 40 ஆம்பியர் தாங்கி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அணைக்கும் ஆர்சிசிபி. கன்ட்ரோல் போர்டில் எலெக்ட்ரானிக்ஸ் இருப்பதால் ஆர்சிசிபி 'டைப் ஏ'யாக இருக்கட்டும். ஆர்சிசிபி இருக்கிறதே என்று எம்சிபியை விட்டுவிடக் கூடாது. கசிவைத்தான் அது பார்க்கும், ஓவர்லோடைப் பார்க்காது.

வயர் 6 ஸ்கொயர் எம்எம் காப்பர். 20 மீட்டர் தூரத்துக்கு வோல்டேஜ் டிராப் 4 வோல்ட்டுக்குள் நிற்கும். ஒரே பைப்பில் லோடு உள்ள வேறு வயர்களும் போகின்றன, அல்லது பைப் சூடான இடத்திலோ இன்சுலேஷனுக்குள்ளோ புதைகிறது என்றால் 10 ஸ்கொயர் எம்எம்முக்குப் போய்விடுங்கள். கூட வரும் 4 ஸ்கொயர் எம்எம் கார்டு திறந்த வெளியில் அந்த ஒன்றரை மீட்டருக்குத் தாங்கும். அதே அளவு வயரைச் சேர்த்துப் பைப்புக்குள் நீட்டினால் கதை வேறு. 40 டிகிரி சூட்டில் பைப்புக்குள் ஓடும் 4 ஸ்கொயர் எம்எம் பிவிசி வயர் சுமார் 28 ஆம்பியர்தான் தாங்கும். எம்சிபியோ 32 வரை பேசாமல் இருக்கும்.

அடுத்தது டெர்மினல் பிளாக், அதாவது வயர்களை ஸ்க்ரூவால் இறுக்கும் இணைப்புக் கட்டை. இங்கேதான் இந்த மாதிரி மெஷின்கள் கருகுகின்றன. ஸ்க்ரூ லூஸாகி, இணைப்பில் 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தாலே போதும்: 26-ஐ 26-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்கினால் சுமார் 68 வாட் சூடு, அதுவும் கடலை அளவு இடத்தில். எம்சிபிக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. மெல்லிய இழை வயரை அப்படியே முறுக்கிச் சொருகாமல் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழாய்) போட்டு கிரிம்ப் செய்யுங்கள், அதாவது நசுக்கி இறுக்குங்கள். இழையில் ஈயம் பூசி இறுக்குவதும் தப்பு, ஈயம் நாளடைவில் அமுங்கி ஸ்க்ரூ தளரும். பத்துப் பதினைந்து முறை ஓடிய பிறகு மெயினை அணைத்து ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். கிட்டின் மேனுவலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டிசைனில் பெரிய குறை ஒன்று உண்டு. கன்ட்ரோல் போர்டில் உள்ள ரிலே (கரண்டைத் தானாகக் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச்) ஃபேஸை மட்டும் வெட்டுகிறது. யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், பேனலில் 'ஆஃப்' காட்டும்போதும் தண்ணீரைச் சூடாக்கும் எலெமென்ட்டில் 230 வோல்ட் நிற்கும். ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டாலும் அதே நிலைதான். ஆகவே ஜெனரேட்டரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஆவி அறைக்கு வெளியே, டபுள் போல் ஐசோலேட்டர் கட்டாயம். மூடியைத் திறக்கும் முன் அதை அணைத்து, டெர்மினலில் டெஸ்டரால் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

எர்த் வயரும் 6 ஸ்கொயர் எம்எம்மே. ஜெனரேட்டர் பாடி, காப்பர் ஸ்டீம் பைப், ஷவரின் மெட்டல் பைப், அலுமினியக் கதவுச் சட்டம் இவற்றில் கரண்ட் வர வாய்ப்புள்ள எல்லாவற்றையும் ஒன்றாக பாண்டிங் செய்யுங்கள், அதாவது எர்த்தோடு சேர்த்து இணையுங்கள்.

டச் பேனல் 12 வோல்ட்டில் ஓடுவதால் ஆவி அறைக்கு உள்ளே பதிக்கலாம். பின்னால் சீலன்ட்டை முழுவளையமாகப் போடுங்கள், ஆவி சின்ன ஓட்டையையும் விடாது. அந்தக் கேபிளை பவர் வயர் போகும் பைப்பில் விடாதீர்கள், நீளம் போதவில்லை என்று நடுவில் வெட்டி ஒட்டவும் வேண்டாம். உள்ளே லைட் வேண்டுமென்றால் 12 வோல்ட், ஐபி65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்), சூடு தாங்கும் ரகம். அதற்கு 12 வோல்ட் கொடுக்கும் பெட்டியான டிரைவர் வெளியே. 230 வோல்ட் சுவிட்ச், சாக்கெட் எதுவும் உள்ளே கூடாது, கூரையை ஒட்டியும் கூடாது.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது (தானாக அணைகிறது) என்பதுதான் இதைப் பற்றி அதிகம் கேட்கும் புகார். ரிலே 'டக்' என்று ஒட்டிய அதே நொடியில், ஒவ்வொரு முறையும் விழுந்தால், பெரும்பாலும் நியூட்ரல் மெயின் போர்டில் தவறான பாருக்கு (நியூட்ரல் வயர்கள் சேரும் உலோகப் பட்டை) போயிருக்கும். பல வாரம் ஓட்டாமல் விட்ட பிறகு விழுந்தால் எலெமென்ட் ஈரம் வாங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி காற்றின் ஈரத்தை இழுக்கும். எலெமென்ட் வயர்களை போர்டிலிருந்து கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பாருங்கள், கழற்றாமல் பார்த்தால் போர்டு போய்விடும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எலெமென்ட்டை வெளியே எடுத்து மிதமான சூட்டில் சில மணி நேரம் உலர்த்தினால் பெரும்பாலும் தேறும். தேறாவிட்டால் புது எலெமென்ட்தான். 30-ஐ எடுத்துவிட்டு 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டுவது ஆளைக் கொல்லும் வேலை.

பைப் பக்கம் சுருக்கமாக: ஸ்டீம் லைன் காப்பர், நடுவில் வால்வு கூடாது, தண்ணீர் தேங்கும் பள்ளமும் கூடாது. டிரெய்ன் தண்ணீர் கொதிநிலையில் வருவதால் பிவிசி வளைந்துவிடும். மணிக்கு அதிகபட்சம் 8 லிட்டர் தண்ணீர்தான் ஆவியாகும், ஆனால் உப்புத் தண்ணீரானால் லெவல் ப்ரோபில் (தண்ணீர் மட்டத்தைக் கரண்ட் ஓடுவதை வைத்து அறியும் கம்பி) படிவு ஏறும். அதற்குப் பயந்து ஆர்ஓ தண்ணீர் கொடுத்தாலும் வம்பு: உப்பு மிகக் குறைந்த தண்ணீரில் கரண்ட் ஓடாமல் ப்ரோப் 'காலி' என்று நினைத்து நிரப்பிக்கொண்டே இருக்கும். சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி) தண்ணீர் பரவாயில்லை.

மெஷினுக்கு ஐந்துக்கு நாலு, கூட வரும் பவர் கார்டுக்கும் மேனுவலுக்கும் ஒன்றரை. இதே வரிசையில் 9 கிலோவாட் மாடலைப் பார்ப்பவர்கள் த்ரீ ஃபேஸ் வகையை எடுங்கள்: சிங்கிள் ஃபேஸில் 39 ஆம்பியர், த்ரீ ஃபேஸில் லைனுக்கு 13.