முப்பது வினாடிக்குள் ஒரு கேள்வி: சிஎன்என்–யூடியூப் விவாதத்துக்குக் கேள்வி அனுப்பிய அனுபவம்

2007 இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து டாம்பாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும், அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்ட ரான் பாலின் ஆதரவாளர்கள். ஈராக் போருக்கு எதிராக வாக்களித்த குடியரசுக் கட்சிக்காரர் என்பதுதான் என்னை அவரிடம் இழுத்தது. குடியுரிமை வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் வாக்கை யாருக்குப் போடுவது என்று ராத்தூக்கம் கெட்டு யோசித்த காலம் அது. நவம்பர் 28 அன்று குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் விவாதம் எங்களுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மஹாஃபி அரங்கத்தில் நடக்கப்போகிறது. கேள்விகள் பத்திரிகையாளர்களிடமிருந்து அல்ல, எங்களைப் போன்றவர்கள் யூடியூபில் ஏற்றும் காணொளிகளிலிருந்து வரும் என்று அறிவித்திருந்தார்கள்.

இத்தனை வருடம் கழித்து இதற்கு ஒரு மதிப்புரை எழுதக் காரணம், இன்றும் இதே மாதிரி ஏற்பாடுகள் வருகின்றன, ஆதரவாளர்கள் அன்று நாங்கள் செய்த அதே தவறைச் செய்கிறார்கள்.

முதலில் இந்தக் கேள்வி அனுப்பும் சேவையைப் பற்றி. பயன்படுத்த எளிதாக இருந்தது, அதை மனதாரச் சொல்வேன். ஒரு வெப்கேம், ஒரு யூடியூப் கணக்கு, முப்பது வினாடிக்குள் ஒரு கேள்வி. அவ்வளவுதான். மருந்தாளுநராக வேலை பார்க்கிற, கும்பகோணத்து உச்சரிப்போடு ஆங்கிலம் பேசுகிற எனக்கும், பெரிய சேனலின் நிருபருக்கும் ஒரே வாசல் திறந்தது அதுதான் முதல் முறை. ஜூலை 23 அன்று தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரத்து சிட்டாடல் கல்லூரியில் ஜனநாயகக் கட்சி விவாதம் இதே முறையில் நடந்திருந்தது. சுமார் 3,000 காணொளிகள் வந்து 39 ஒளிபரப்பாயின. அதில் ஒரு பனிமனித பொம்மை புவி வெப்பமாதல் பற்றிக் கேட்டது. பனிமனிதனுக்குப் பதில் சொல்வது அதிபர் பதவியின் மரியாதைக்குத் தகாது என்று குடியரசுக் கட்சி வேட்பாளர்களில் ஒருவரான மிட் ராம்னி வருத்தப்பட்டார். செப்டம்பரில் நடக்க வேண்டிய குடியரசுக் கட்சி விவாதம் நவம்பருக்குத் தள்ளிப்போனது. எனக்குப் பனிமனிதன் பிடித்திருந்தது. கேட்ட விஷயம் உண்மையானது.

இப்போது எங்கள் மேசைக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எங்கள் குழுவுக்கு மூத்தவர். மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வைப் பற்றித்தான் கேட்க வேண்டும், அதுவும் ஒன்பது பேரும் ஒரே வாசகத்தை அனுப்ப வேண்டும், அப்போதுதான் கவனிப்பார்கள் என்றார். 1971-ல் நிக்ஸன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தது முதல் விலைவாசி வரைக்கும் ஒரே மூச்சில் போகும் கேள்வி அது. எங்கள் கேமராவைப் பிடித்தவன் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மதுரைப் பையன். வாக்கு இல்லாதவன், ஆனால் ஆர்வம் உள்ளவன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நாப்பத்தோரு வினாடி. மறுபடியும் முதல்லேருந்து" என்றான். ஏழு முறை எடுத்தோம். வேகமாகப் பேசினால் என் ஆங்கிலம் எனக்கே புரியவில்லை. முப்பது வினாடி என்பது நிதானமாகப் பேசினால் எழுபது, எழுபத்தைந்து வார்த்தைதான். வாழ்த்துச் சொல்லி, பெயர் சொல்லி, ஊர் சொன்னால் அதில் பத்து போய்விடும்.

நான் வேறொன்று எழுதி வைத்திருந்தேன். "செலவைக் குறைப்போம் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எந்தத் துறையை? பெயர் சொல்லுங்கள்." இதுதான் சாரம். மேசையில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "இதில் நம்ம ஆள் பேரே இல்லையே" என்றார் தபால்காரர். ஒன்பது பேரும் அவர் கேள்வியையே ஏற்றினோம். என் காகிதம் காபிக் கறையோடு மேசையிலேயே கிடந்தது.

விவாத நாள் அன்று வீட்டில் கூடிப் பார்த்தோம். கிட்டத்தட்ட 5,000 காணொளிகள் வந்திருந்தன. எங்களுடையது எதுவும் வரவில்லை. அதில் யார் மேலும் எனக்குக் குறையில்லை. ஒரே வாசகம் ஒன்பது முகத்தில் வந்தால் நானே தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆனால் நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரி மாணவி ஒருத்தி திரையில் வந்தாள். நாட்டுக் கடன் எங்கள் தலைமுறை மேல் விழப்போகிறது, எந்த மூன்று அரசுத் திட்டங்களை முதலில் குறைப்பீர்கள் என்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் எங்கள் ஆள் இல்லை, ரான் பால் பெயரையே சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவரிடம் வந்தபோது தயங்காமல் மூன்றைச் சொன்னார்: கல்வித் துறை, எரிசக்தித் துறை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. சரியோ தவறோ, பெயர் சொன்னார். அன்று இரவு அவர் மிகத் தெளிவாகத் தெரிந்த நேரம் அதுதான் என்பது என் கணிப்பு.

அவர் பெயர் சொல்லிக் கேட்ட கேள்விகளோ? அமெரிக்காவையும் கனடாவையும் மெக்சிகோவையும் ஒன்றாக்கச் சதி நடப்பதாக உங்கள் ஆதரவாளர்கள் பலர் நம்புகிறார்களே, நீங்களுமா என்று ஒன்று. உங்களுக்குக் கட்சியின் வேட்பாளராக ஆதரவு கிடைக்காது என்பது நமக்குத் தெரியும், சுயேச்சையாக நிற்காமல் நாட்டைக் கைவிடுவீர்களா என்று இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டவர் அவருடைய நலம் விரும்பி மாதிரியே பேசினார். கேள்வியின் முதல் பாதியிலேயே அவரைத் தோற்கடித்துவிட்டார். மேசையில் யாரும் பேசவில்லை. தபால்காரர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

சேவையின் பெரிய குறையும் அன்றே வெளிப்பட்டது. ராணுவத்தில் ஓரினச்சேர்க்கையாளர்கள் பணிபுரிவதைப் பற்றிக் கேட்ட ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஜெனரல் கீத் கெர், ஹிலரி கிளின்டன் பிரச்சாரத்தின் குழு ஒன்றில் இருந்தவர் என்று தெரியவந்தது. விவாதம் முடிந்த பிறகு தொகுப்பாளர் ஆண்டர்சன் கூப்பரே திரையில் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. எதிர்க்கட்சிக்காரர் கேட்கக் கூடாது என்பதல்ல என் வாதம். கேள்வி நல்ல கேள்வி. அவர் யார் என்பதைத் திரையின் கீழே ஒரு வரியில் போட்டிருந்தால் போதும். காணொளியை ஏற்றும்போதே, "எந்தப் பிரச்சாரத்திலாவது பணிபுரிகிறீர்களா?" என்று ஒரு கட்டம் வைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும்?

தேர்வு முழுக்க சேனலின் ஆசிரியர்கள் கையில் இருந்ததும் எனக்கு உவப்பில்லை. 2016 அக்டோபர் 9 அன்று செயின்ட் லூயிஸில் நடந்த கிளின்டன்–டிரம்ப் விவாதத்துக்கு ஓப்பன் டிபேட் கொயலிஷன் என்ற அமைப்பு திறந்த இணையதளத்தில் யாரும் கேள்வி எழுதலாம், யாரும் வாக்களிக்கலாம் என்று வைத்தார்கள். முன்னணியில் வரும் 30 கேள்விகளை நடத்துநர்கள் பரிசீலிப்பார்கள். இது மேல் என்று நினைத்து நானும் வாக்களித்தேன். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்ப்பது பற்றிய கேள்வி மேலே நின்றது. அமைப்பாகத் திரண்டவர்களின் கை அங்கே ஓங்குவதும் தெரிந்தது. மேடையில் அந்தத் தளத்தின் பெயரோடு ஒலித்தது வேறொன்று: அரசியல்வாதி இரட்டை முகத்தோடு இருப்பது சரியா என்று வர்ஜீனியாக்காரர் ஒருவர் கேட்டது. ஒரு வரிக் கேள்வி.

2007 சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை. வாசலைத் திறந்ததற்கு மூன்று, பனிமனிதனுக்கு அரை.

கேமரா பிடித்த பையன் இப்போது டெக்சாஸில் இருக்கிறான், குடியுரிமையும் வாங்கிவிட்டான். போன வாரம் போன் செய்தான். அவன் ஊர் மேயர் தேர்தல் விவாதத்துக்குப் பொதுமக்களிடம் கேள்வி கேட்டிருக்கிறார்களாம். எழுதியதைப் படித்துக் காட்டினான். அவன் ஆதரிக்கும் வேட்பாளரின் பெயர் அதில் இரண்டு முறை வந்தது. பெயரை எடுத்துவிட்டு, எதிர் வேட்பாளருக்கு வாக்களிக்கும் யாரிடமாவது வாசித்துக் காட்டு என்றேன். அவனுடைய மாமனாரே எதிர்ப்பக்கம்தான். மறுநாள் திரும்பக் கூப்பிட்டான்.

"அக்கா, மாமாகிட்ட வாசிச்சேன். 'இதுக்கு எங்க ஆளு என்ன சொல்லப்போறாரோ, நானும் கேக்கணும்'னாரு."

அனுப்பிவிடு என்றேன்.